தூரத்துக் கூட்டம் – 11: முகமா, காகிதமா?

பிட்ஸ்பர்க் நகரத்தில் பெல் கம்பெனி படத் தொலைபேசியைக் கடை விரித்த கதையையும், கொள்வாரில்லாமல் கட்டி எடுத்துக்கொண்டு போன கதையையும் சென்ற இதழில் பார்த்தோம். 1970-ல் மாத வாடகை 160 டாலர். அந்தப் பணத்துக்கு அரை மணி நேரம்தான் பேசலாம். அதற்கு மேல் நிமிடத்துக்கு 25 சென்ட். உச்சத்தில் இருந்தபோதுகூட ஐந்நூறு கருவிகளை அது தொடவில்லை.

கட்டணம்தான் காரணம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். எனக்கு அதில் பாதிச் சம்மதம்தான். பெரிய கம்பெனிகளுக்கு 160 டாலர் ஒரு பொருட்டில்லை. அலுவலக நேரத்தில் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே அறிமுகமானவர்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது எதிராளியின் மூக்கும் முழியும் இல்லை, அவர் மேசைமேல் கிடக்கும் வரைபடமும் கணக்கும் கடித நகலும்தான். காகிதத்தைக் காட்டவும் அந்தக் கருவியில் வழி வைத்திருந்தார்கள். ஆனால் சுமார் 250 கோடுகள் கொண்ட சின்னத் திரையில் ஒரு முழுப் பக்கத் தட்டச்சைப் படிப்பது ஆகாத காரியம்.

பெல் கம்பெனி பிட்ஸ்பர்க்கில் இறங்குவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பே, 1968 டிசம்பர் 9 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு காட்சி நடந்தது. தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட்டை நினைவிருக்கும். சுமார் ஆயிரம் கணினிக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து, முப்பது மைல் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த தன் ஆய்வுக்கூடத்தோடு மைக்ரோவேவ் இணைப்பில் வேலை செய்து காட்டினார். மவுஸ் அறிமுகமான மேடை என்றுதான் பலரும் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். நம் கதைக்கு வேண்டியது அதன் இன்னொரு பகுதி. திரையின் மூலையில் பில் பாக்ஸ்டன் என்ற சகாவின் முகம். மீதித் திரை முழுக்க இருவரும் ஒரே நேரத்தில் பார்க்கும் ஒரே எழுத்துப் பக்கம். இவர் சுட்டிக்காட்டுவது அவருக்குத் தெரிகிறது, அவர் சுட்டிக்காட்டுவது இவருக்குத் தெரிகிறது. முகத்துக்கு மூலை, வேலைக்கு நடு இடம்.

இன்றைக்கு மீட்டிங்கில் ஒருவர் ஸ்கிரீன் ஷேர் செய்தால் நாம் பார்க்கிற அமைப்பு அச்சு அசலாக அதேதான். அந்த மேடையிலிருந்து சாதாரண அலுவலக மேசைக்கு அது வந்து சேர முப்பது ஆண்டு பிடித்தது. இடையில் இரண்டு கூட்டத்தார் தனித்தனித் திசையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசிக்காரர்கள் முகத்தைத் துரத்தினார்கள், கணினிக்காரர்கள் காகிதத்தை. இரண்டு ஓட்டமும் ஒரே மேசையில் வந்து முட்டிக்கொண்ட தொண்ணூறுகள்தான் இந்த இதழின் காலம்.

எண்பதுகளைச் சீக்கிரம் கடந்துவிடலாம். அது பணக்காரக் கம்பெனிகள் தனி அறை கட்டிக் கூட்டம் நடத்திய காலம். 1982-ல் கம்ப்ரெஷன் லேப்ஸ் நிறுவனம் விற்ற கருவி ஏறக்குறைய இரண்டரை லட்சம் டாலர், லைன் வாடகை மணிக்கு ஆயிரம் டாலர். அறைக்கு முன்பதிவு செய்ய வேண்டும், கருவியை இயக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். எம்.ஐ.டி. மாணவர்கள் இருவர் தங்கள் பேராசிரியரோடு சேர்ந்து 1984-ல் தொடங்கிய பிக்சர்டெல், அடுத்த இரண்டு ஆண்டில் கருவி விலையை 80,000 டாலருக்கும் லைன் செலவை மணிக்கு 100 டாலருக்கும் இறக்கியது. இவ்வளவு வேகமாக விலை சரிந்ததற்குக் கேமரா காரணமில்லை, கம்பியும் காரணமில்லை. கணக்குதான் காரணம்.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். வீடியோ கூட்டத்துக்கென்று உலகத் தொலைத்தொடர்பு அமைப்புகள் ஒத்துக்கொண்ட படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிகள். ஒரு புள்ளிக்குச் சராசரி 12 பிட் என்று வைத்து, நொடிக்கு 30 படம் அனுப்பினால் மொத்தம் 3 கோடியே 60 லட்சம் பிட்டைத் தாண்டுகிறது. அலுவலகத்துக்கு வந்த ஐ.எஸ்.டி.என். என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பில் நொடிக்குப் போகக்கூடியது 1,28,000 பிட். அதாவது 280 பங்கில் ஒரு பங்குதான் கம்பிக்குள் நுழையும். மீதியை எறிந்துவிட வேண்டும், எறிந்தது கண்ணுக்குத் தெரியவும் கூடாது.

எதை எறிவது என்று சொன்ன சூத்திரம் 1974 ஜனவரியில் ஒரு சிறிய கட்டுரையாக வெளிவந்தது. எழுதியவர்கள் நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். அகமது பெங்களூரில் பிறந்து, அங்கேயே பொறியியல் படித்து, அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். நடராஜன் அவருடைய ஆய்வு மாணவர். ராவ் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்று அமெரிக்கா போனவர். அகமதுவும் அவரும் 1966-ல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள். இந்த யோசனையை 1972-ல் அகமது தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு அனுப்பி நிதி கேட்டார். ரொம்ப எளிதாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருத்துச் சொல்ல, விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. மறு ஆண்டுக் கோடை விடுமுறையில் சம்பளமில்லாமல் உட்கார்ந்து செய்து முடித்தார்கள். படத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் கொசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக மாற்றி எழுதினால், முக்கியமான தகவலெல்லாம் சில எண்களுக்குள் திரண்டுவிடும். மற்ற எண்களைத் தள்ளிவிட்டாலும் கண் கவலைப்படாது. 1990-ல் ஒப்புதல் பெற்ற எச்.261 தரம் இந்தச் சூத்திரத்தையும், முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் அனுப்பும் உத்தியையும் சேர்த்துக்கொண்டது. இன்றைய வீடியோ கூட்டங்களில் ஓடும் சுருக்க முறைகளில் பெரும்பாலானவை அதே குடும்பத்து வாரிசுகள். எளிதாக இருப்பது குற்றம் என்று சொன்ன அந்த மதிப்பீட்டாளர் பின்னாளில் எத்தனை மீட்டிங்கில் உட்கார்ந்தாரோ!

சூத்திரம் கைக்கு வந்த பிறகும் தொலைபேசிக்காரர்கள் பழைய பாதையை விடவில்லை. 1992-ல், முன்பு பெல் கம்பெனியை நடத்திய ஏ.டி. அண்ட் டி. சாதாரணத் தொலைபேசிக் கம்பியிலேயே ஓடும் வண்ணப் படத் தொலைபேசி ஒன்றை 1,499 டாலருக்குக் கொண்டுவந்தது. நொடிக்குப் பத்துப் படம் வந்தால் அதிகம். மூன்றே ஆண்டில் கடையை மூடினார்கள். இது அவர்களுக்கு இரண்டாவது பாடம். கட்டணம் வேறு, கருவி வேறு, முடிவு மட்டும் ஒன்று.

அதே ஆண்டு மார்ச்சில் சான் டியேகோவில் இணையப் பொறியாளர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. வர முடியாதவர்களுக்காக அரங்கத்தின் ஒலியை இணையத்திலேயே ஏற்றி, மூன்று கண்டங்களில் இருபது இடங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஸ்டீவ் கேஸ்னரும் ஸ்டீவ் டீரிங்கும் முன்னின்று செய்த இந்த வேலை எம்போன் என்ற பெயரில் வளர்ந்தது. ஒருவர் அனுப்புவதை ஆயிரம் பேர் கேட்டாலும் அனுப்புகிறவரின் கம்பியில் ஒரே பிரதிதான் போகும், வழியில் கிளை பிரிகிற இடத்தில் மட்டுமே நகல் எடுக்கப்படும் என்பது அதன் அடிப்படை.

எம்போனில் புழங்கிய கருவிகள் மூன்று. குரலுக்கு 'வாட்', படத்துக்கு 'விக்', எல்லோரும் சேர்ந்து எழுதும் பலகைக்கு 'டபிள்யூபி'. மூன்றும் கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் பிறந்தவை. ஆய்வகக்காரர்கள் வேலைக்கூட்டத்தை மூன்றாக அறுத்துப் பார்த்தது எனக்குப் பிடித்த விஷயம். படம் தடுமாறினால் படத்தை மூடிவிட்டுக் குரலையும் பலகையையும் வைத்துக் கூட்டத்தைத் தொடரலாம். குரல் தடுமாறினால் கூட்டம் அவ்வளவுதான். தொலைபேசிப் பொறியாளர்களிடம் இதற்கு ஓர் அளவே உண்டு. குரல் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போக 150 மில்லிநொடிக்குள் ஆக வேண்டும். அதைத் தாண்டத் தாண்ட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள், "நீங்க சொல்லுங்க", "இல்ல, நீங்க சொல்லுங்க" என்று பொழுது போகும். வேலை நேரத்தில் இதைச் சகித்துக்கொள்ள யாராலும் முடியாது. உறைந்து நிற்கும் முகத்தை எல்லோராலும் சகித்துக்கொள்ள முடியும்.

எம்போன் பற்றி எழுதிவிட்டு சிவியர் டயர் டேமேஜ் குழுவைச் சொல்லாமல் போனால் பாவம். கணினி ஆட்கள் பொழுதுபோக்குக்கு நடத்திய ராக் இசைக்குழு அது. 1993 ஜூனில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்திலிருந்து எம்போனில் நேரடியாக வாசித்து, இணையத்தில் நேரலை வந்த முதல் இசைக்குழு என்ற பெயரைத் தட்டிச் சென்றார்கள். மறு ஆண்டு ரோலிங் ஸ்டோன்ஸ் எம்போனில் நிகழ்ச்சி நடத்தியபோது, யாரும் அழைக்காமலே அதற்கு முன் நேரத்தில் இவர்கள் நுழைந்து வாசித்தார்கள். கூட்டத்துக்குள் அழையா விருந்தாளி நுழைவது 2020-ல் தொடங்கிய தொல்லை இல்லை.

எம்போனுக்கு ஒரு குறை. பெரிய பல்கலைக்கழகம், விலையுயர்ந்த வொர்க்ஸ்டேஷன், ரவுட்டரைத் திறந்து மாற்றத் தெரிந்த ஆள், மூன்றும் வேண்டும். சாதாரண மேசைக்கு வந்த முதல் ஆள் கார்னெல் பல்கலைக்கழகத்தின் டிம் டோர்சி.

1992-ல் கார்னெலின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் இருந்த டோர்சி, ஆப்பிள் மெக்கின்டாஷில் ஓடும் சியூ-சீமீ என்ற மென்பொருளை எழுதினார். இலவசம். இணையத்தில் இருக்கும் இரண்டு மெக்கின்டாஷ்கள் ஒன்றையொன்று பார்க்கலாம். படம் கறுப்பு-வெள்ளை, சாம்பல் நிறத்தில் 16 சாயல் மட்டும். சிறிய ஜன்னலின் அளவு 160-க்கு 120 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பிட் என்றால் ஒரு படத்துக்கு 76,800 பிட். அன்று வீட்டில் இருந்த 14,400 வேக மோடத்தில் இந்த ஒரே படம் இறங்க ஐந்து நொடிக்கு மேல் ஆகும். எனவே டோர்சி படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, முன்பு அனுப்பியதிலிருந்து கண்ணில் படும் அளவு மாறிய கட்டங்களை மட்டும் அனுப்பினார். பின்னால் இருக்கும் சுவர் அசைவதில்லை, சட்டை அதிகம் அசைவதில்லை. உதடும் கண்ணும் இருக்கும் கட்டங்கள் போனால் போதும்.

தொடக்கத்தில் அதில் குரலே கிடையாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். படத்தைப் பார்த்துக்கொண்டு, தொலைபேசியை எடுத்துத் தனியாகப் பேசிக்கொண்டார்கள். குரல் 1994-ல்தான் சேர்ந்தது. பேசும்போது பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும், விட்டால்தான் மற்றவர் குரல் கேட்கும். இன்றைய மியூட் பழக்கத்தின் பாட்டனார் அந்தப் பொத்தான்.

இரண்டு பேர் பேச மென்பொருள் போதும். எட்டுப் பேர் கூட்டம் போட்டால் ஒவ்வொருவரும் மற்ற ஏழு பேருக்கும் தனித்தனியே தன் படத்தை அனுப்ப வேண்டும், மொத்தம் 56 ஓட்டங்கள். எந்தக் கம்பியும் தாங்காது. கார்னெல்காரர்கள் நடுவில் ஒரு கணினியை வைத்தார்கள். ரிஃப்ளெக்டர் என்று அதற்குப் பெயர். ஒவ்வொருவரும் தன் படத்தை அதற்கு ஒருமுறை அனுப்பினால், அது மற்றவர்களுக்குப் பங்கிட்டுவிடும். ஒருவருடைய ஜன்னலை நீங்கள் மூடி வைத்திருந்தால் அவர் படம் உங்களுக்கு வராது. அந்தச் சின்னக் கண்டிப்பில் நிறையக் கம்பி மிச்சமாயிற்று. இன்றைக்கு உலகத்தின் பெரிய மீட்டிங் சேவைகள் வைத்திருக்கும் சர்வர் கூடங்கள் அடிப்படையில் செய்வது இந்த வேலையைத்தான். எம்போனின் கிளை பிரியும் முறை அறிவில் இதைவிட அழகானது. ஆனால் அதற்கு வழியில் இருக்கும் ரவுட்டர்கள் எல்லாம் ஒத்துழைக்க வேண்டும். ரிஃப்ளெக்டருக்கு யார் தயவும் வேண்டியதில்லை. பிழைத்தது ரிஃப்ளெக்டர்.

1993-ல் அமெரிக்க, பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகள் சியூ-சீமீயில் கூடிச் சுற்றுச்சூழல் பற்றித் தாங்கள் திரட்டியதைப் பரிமாறிக்கொண்டார்கள். பொது ரிஃப்ளெக்டர்களில் வேறு வகை ஆட்களும் கூடினார்கள். கேமரா இல்லாமல் சும்மா எட்டிப் பார்க்கிறவர்கள், சட்டை இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவர்கள். அந்தக் கதைக்குள் போக வேண்டாம்.

மேசைக் கேமராவின் விலையை உடைத்தது 1994-ல் கனெக்டிக்ஸ் வெளியிட்ட குயிக்கேம். 99 டாலர். உருண்டையாக, மானிட்டர் மேல் வைத்த ஒற்றைக் கண் மாதிரி இருக்கும். அதுவரை கேமராவைக் கணினியோடு இணைக்க உள்ளே தனி வீடியோ அட்டை வேண்டும், அதன் விலையே நூற்றுக்கணக்கில். குயிக்கேம் படத்தை எண்ணாகவே மாற்றிக் கணினியின் பின்பக்கத் துளை வழியாகத் தள்ளிவிட்டது. இதுவும் 16 சாம்பல் சாயல்தான். சியூ-சீமீயும் குயிக்கேமும் ஜாடியும் மூடியுமாகப் பொருந்திப்போயின. 1998-ல் லாஜிடெக் இந்தக் கேமரா வியாபாரத்தை 2.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

இதெல்லாம் பல்கலைக்கழக வாசலில் நடந்தது. அலுவலகத்துக்குள் நுழைய முயன்றது இன்டெல்.

பென்டியம் சிப் 1993-ல் வந்துவிட்டது. கடிதம் அடிக்கவும் கணக்குப் போடவும் அவ்வளவு வேகம் தேவையில்லை. வேகத்தைத் தின்னும் வேலை ஒன்று வேண்டும், அப்போதுதான் அடுத்த சிப் விற்கும். மேசை வீடியோவைவிட அகோரப் பசியுள்ள வேலை வேறென்ன இருக்கிறது? தலைவர் ஆண்டி குரோவுக்கு இதில் தனி ஆர்வம். பின்னாளில் இன்டெல்லின் தலைவரான பாட் கெல்சிங்கர் பொறுப்பில், 1994 ஜனவரியில் புரோஷேர் வெளிவந்தது. பெட்டிக்குள் கேமரா, காதில் மாட்டும் கருவி, கணினிக்குள் செருகும் அட்டைகள். விலை இரண்டாயிரம் டாலருக்கு மேல். கூட்டத்துக்கு இரண்டு பேராவது வேண்டும் என்பதால் இரண்டு பெட்டி வாங்க வேண்டும்.

பணம் கொடுத்து வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை. ஐ.எஸ்.டி.என். இணைப்பு வேண்டும். அமெரிக்காவில் அதைப் போட்டு வாங்குவது பெரும்பாடு, தொலைபேசிக் கம்பெனி தரும் நீளமான எண்களைப் பிழையில்லாமல் கணினிக்குள் அடித்தால்தான் இணைப்பு உயிர்பெறும். அலுவலக உள்வலையில் ஓட்டலாமே என்றால், அதைப் பார்த்துக்கொள்ளும் நிர்வாகி கதவை மறித்தார். நொடிக்கு ஒரு கோடி பிட் வேகத்தை மொத்த அலுவலகமும் பங்கிட்டுக்கொண்டிருந்த காலம். நாலு பேர் முகம் பார்த்துப் பேசினால் நாற்பது பேரின் ஃபைல் நிற்கும் என்று அவர் பயந்ததில் நியாயம் உண்டு. போதாக்குறைக்கு, உலகம் ஒத்துக்கொண்ட தரத்தை ஏற்காமல் இன்டெல் முதலில் தன் சொந்தச் சுருக்க முறையைப் பிடித்துக்கொண்டது. பெரிய தொகை செலவழித்து கம்பெனி வாங்கி வைத்திருந்த பிக்சர்டெல் அறையோடு மேசைமேல் இருக்கும் புரோஷேர் பேசாது. பிறகு இன்டெல் இறங்கி வந்தது, அதற்குள் ஆர்வம் ஆறிப்போயிருந்தது. குரோவும் ஆளைப் போட்டு, பணத்தைப் போட்டுப் பார்த்தார். தொண்ணூறுகளின் முடிவுக்குள் இன்டெல் அந்த வியாபாரத்தைக் கைகழுவியது.

புரோஷேர் என்ற பெயரில் இன்டெல் இன்னொரு சரக்கும் விற்றது. படமில்லாமல், சாதாரண மோடத்தில், இரண்டு பேர் ஒரே ஆவணத்தைத் திறந்து குறிப்பெழுதும் மலிவான மென்பொருள். விளம்பரமெல்லாம் முகத்துக்குத்தான் போயிற்று. எங்கல்பார்ட் நடுவில் வைத்ததை இன்டெல் ஓரத்தில் வைத்தது என்பது என் தீர்ப்பு.

முகத்தையும் காகிதத்தையும் ஒன்றாகவே சேர்த்துவிட்டால் என்ன என்று ஜப்பானில் ஒருவர் யோசித்தார். என்.டி.டி. ஆய்வுக்கூடத்தின் ஹிரோஷி இஷி, சகா மினோரு கொபயாஷியோடு சேர்ந்து 1992-ல் கிளியர்போர்டு என்ற கருவியை வெளியிட்டார். சாய்த்து வைத்த கண்ணாடி மேசை. அதில் பேனாவால் எழுதலாம். கண்ணாடிக்கு அப்பால் எதிராளி உட்கார்ந்திருப்பதுபோல் அவர் உருவம் தெரியும், அவரும் அதே கண்ணாடியில் எழுதிக்கொண்டிருப்பார். நிஜக் கண்ணாடிக்கு இரண்டு பக்கம் இருவர் உட்கார்ந்தால் ஒருவர் எழுத்து மற்றவருக்கு இடவலம் மாறித் தெரியும். இஷி உருவத்தை இடவலம் மாற்றி அந்தச் சிக்கலைத் தீர்த்தார். எழுத்து இருவருக்கும் நேராக இருந்தது, வலக்கைக்காரர் இடக்கைக்காரராகத் தெரிந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. எதிராளி இப்போது தாளின் எந்த மூலையைப் பார்க்கிறார், நம் முகத்தைப் பார்க்கிறாரா, தாளைப் பார்க்கிறாரா என்று அப்படியே புரிந்தது. கேமரா மானிட்டருக்கு மேலே, கண் மானிட்டருக்கு நடுவில் என்று உட்கார்ந்திருக்கும் நாம் இன்றுவரை அனுபவிக்கும் பார்வைக் கோளாறை முப்பது ஆண்டுக்கு முன்பே ஒரு மனிதர் தீர்த்துவைத்திருந்தார். கடைக்கு வரவில்லை. இந்தத் தொடரில் நான் பொறாமையோடு எழுதிய கருவி இது ஒன்றுதான்.

கடைக்கு வந்தது இதைவிடப் பல மடங்கு சுமாரான ஒன்று. 1996-ல் மைக்ரோசாஃப்ட் நெட்மீட்டிங் என்ற மென்பொருளைத் தன் உலாவியோடு இலவசமாகக் கொடுத்தது. முதல் பதிப்பில் வீடியோவே இல்லை! குரல், எல்லோரும் கிறுக்கும் வெள்ளைப் பலகை, எழுத்து அரட்டை, ஃபைல் அனுப்பும் வசதி, தன் கணினியில் ஓடும் எக்செல்லையோ வேர்டையோ மற்றவர் திரையில் அப்படியே காட்டும் வசதி. வீடியோ மறு ஆண்டு இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது. அப்போதும் குரலும் முகமும் ஒரு நேரத்தில் இரண்டு பேருக்கு நடுவில் மட்டும். பலகையையும் பகிர்ந்த திரையையும் பல பேர் சேர்ந்து பார்க்கலாம்.

அலுவலகங்கள் இதை எப்படிப் பயன்படுத்தின என்று பார்த்தால் பெல் கம்பெனிக்கு 1970-ல் புரியாதது புரிந்துவிடும். கூட்டத்தில் இருப்பவர்கள் முதலில் தொலைபேசியில் கான்ஃபரன்ஸ் கால் போடுவார்கள். மேசை நடுவில் ஸ்பீக்கர் போன். பிறகு நெட்மீட்டிங்கைத் திறந்து ஒருவர் தன் திரையைக் காட்டுவார். கேமரா பெட்டியை விட்டு வெளியே வராது. சென்னையில் டைடல் பார்க் 2000 ஜூலையில் திறந்த காலத்து மென்பொருள் ஆட்களுக்கு இது அன்றாடம். இங்கே இரவு 9 மணி என்றால் நியூயார்க்கில் குளிர்காலத்தில் காலை 10.30. "நைட் கால் இருக்கு" என்று வீட்டில் சொல்லிவிட்டு உட்கார்ந்தவர்கள், தங்கள் கிளையண்டின் குரலையும் நிரலையும் வருடக்கணக்கில் அறிந்திருந்தார்கள். முகம் எப்படி இருக்கும் என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. வேலை நடந்தது.

நெட்மீட்டிங்குக்கு எமனாக வந்தது ஃபயர்வால். இணையத்திலிருந்து நுழையும் திருடர்களைத் தடுக்க நிறுவனங்கள் தங்கள் வலையைச் சுற்றிச் சுவர் எழுப்பத் தொடங்கிய காலம் அது. நெட்மீட்டிங் பின்பற்றிய எச்.323 முறை, பேச்சு தொடங்கியதும் புதுப்புதுக் கதவெண்களைத் திறக்கச் சொல்லும். சுவர் மறுத்துவிடும். ஒரே கம்பெனிக்குள் பேசினால் சரி, சுவருக்கு வெளியே இருக்கும் வாடிக்கையாளரோடு பேச முடியாது. அவரோடு பேசத்தானே இத்தனை பாடு.

இந்த ஓட்டையைப் பிடித்தவர்கள் சுப்ரா ஐயர், மின் சூ என்ற இருவர். ஒருவர் இந்தியாவிலிருந்து அமெரிக்கா போனவர், மற்றவர் சீனாவிலிருந்து. அவர்கள் கலிபோர்னியாவில் ஆக்டிவ்டச் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் பிறகு வெப்எக்ஸ் ஆயிற்று. அவர்களுடைய மென்பொருள் சுவரை உடைக்கப் பார்க்கவில்லை. வலைப்பக்கம் பார்ப்பதற்காக எல்லா நிறுவனமும் திறந்தே வைத்திருக்கும் கதவு ஒன்று உண்டல்லவா, அதன் வழியாகவே போய் வந்தது. நடுவில் வெப்எக்ஸின் சொந்த சர்வர்கள், அதாவது கார்னெலின் ரிஃப்ளெக்டர், இப்போது வாடகைக்கு. அழைப்பு மின்னஞ்சலில் வரும் சுட்டியைத் தட்டினால் கூட்டத்துக்குள் இருப்பீர்கள். பெட்டி வாங்க வேண்டாம், அட்டை செருக வேண்டாம், நிர்வாகியிடம் கெஞ்ச வேண்டாம். பேச்சு தொலைபேசியில், காகிதம் திரையில். வீடியோவும் இருந்தது, அதை நம்பி யாரும் வாங்கவில்லை.

2000-ல் பெண் வேடக் கலைஞர் ரூபாலை வைத்து விளம்பரம் எடுத்து, அலுவலக மென்பொருள் விற்பவர்கள் என்றாலே தூக்கம் வரும் என்றிருந்த பெயரை வெப்எக்ஸ் மாற்றியது. டாட் காம் குமிழி உடைந்து மற்றவர்கள் சுருண்டு கிடந்த அதே ஆண்டு ஜூலையில் பங்குச் சந்தைக்கும் வந்தது. ஏழு ஆண்டு கழித்து சிஸ்கோ அதற்குக் கொடுத்த விலை 320 கோடி டாலர்.

வெப்எக்ஸில் 1997-லேயே வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞரைப் பற்றி இதுவரை நான் வாய் திறக்கவில்லை. சீனாவில் படிக்கும்போது காதலியைப் பார்க்கப் பத்து மணி நேரம் ரயிலில் போனவர். அமெரிக்க விசாவுக்கு எட்டு முறை மறுக்கப்பட்டு ஒன்பதாவது முறை கிடைத்தவர். சிஸ்கோ வாங்கிய பிறகும் அங்கேயே உயர் பதவியில் இருந்தவருக்கு, தாங்களே கட்டிய வெப்எக்ஸ் வாடிக்கையாளர்களுக்குப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் அரித்துக்கொண்டே இருந்தது. முதலிலிருந்து எழுத வேண்டும் என்றார். மேலிடம் கேட்கவில்லை. 2011-ல் வெளியேறினார். எரிக் யுவான் என்ற அவர் ஆரம்பித்த நிறுவனத்தையும், அதற்கு முன் எஸ்டோனியாவில் சில பேர் ரிஃப்ளெக்டரே வேண்டாம் என்று கிளம்பிய ஸ்கைப்பையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)